தரையில் தங்கிவிட்ட ஐந்து மணிகள்: ஈஸ்ட் பெர்கோல்ட் மணிக்கொட்டகை பற்றிய ஆய்வு

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில், எசெக்ஸ் எல்லையை ஒட்டி, ஸ்டௌர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமம். அங்குள்ள தூய மரியன்னை தேவாலயத்துக்கு ஐந்து மணிகள். ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய 4.4 டன். இன்றும் அடிக்கப்பட்டுவரும் ஐந்து மணித் தொகுதிகளில் இங்கிலாந்திலேயே கனமானது இதுதான் என்று கருதப்படுகிறது. இவ்வளவு கனத்துக்கும் அங்கே கோபுரம் கிடையாது. தேவாலயத்துக்கு வடக்கே, கல்லறைத் தோட்டத்துக்குள், செங்குத்தான ஓட்டுக்கூரை போட்ட ஒரு மரக்கொட்டகையில், ஆள் நிற்கும் மட்டத்திலேயே மணிகள் இருக்கின்றன. 1531இல் கோபுரம் எழும்பும்வரைக்கும் என்று போட்ட கொட்டகை அது. கோபுரம் எழும்பவே இல்லை. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாகத் தற்காலிக ஏற்பாடு தொடர்ந்துகொண்டிருக்கிறது.

தேவாலய மணிகளைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் மணியின் மேல் என்ன பொறித்திருக்கிறது, யார் வார்த்தார், எந்த ஆண்டு, என்ன சுரம் என்று குறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மணியைத் தாங்கும் சட்டகம் தூசியும் புறா எச்சமுமாக இருட்டில் நிற்கும். அதை ஏறெடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. ஒலிப்பது மணிதான். ஆனால் அது எவ்வளவு தூரம் ஆடும், எத்தனை பேர் எங்கே நின்று அடிப்பார்கள், ஒன்றன்பின் ஒன்றாக எந்த வரிசையில் ஒலிக்க முடியும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது சட்டகம். மற்ற ஊர்களில் சட்டகம் காலத்துக்குக் காலம் மாறியது. மணி அடிக்கும் முறையும் கூடவே மாறியது. ஈஸ்ட் பெர்கோல்டில் சட்டகம் கோபுரம் ஏறவில்லை. அதனால் முறையும் மாறவில்லை. ஏன் ஏறவில்லை, ஏறாததால் என்ன மிஞ்சியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கோபுரம் நின்றுபோன கதை

ஊரில் சொல்லப்படும் வரலாறு இப்படிப் போகிறது. 1525இல் தேவாலயத்தின் மேற்கே கோபுரம் கட்டத் தொடங்கினார்கள். உதவி செய்வதாக வாக்களித்தவர் கர்தினால் தாமஸ் உல்சி. எட்டாம் ஹென்றி அரசருக்கு அடுத்தபடியாக நாட்டையே நடத்திவந்தவர். பிறந்த ஊர் இங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இப்ஸ்விச். 1529இல் அரசரின் கோபத்துக்கு ஆளாகிப் பதவியை இழந்தார். 1530 நவம்பரில், தேசத்துரோகக் குற்றச்சாட்டில் லண்டனுக்குக் கொண்டுபோகப்படும் வழியில், லெஸ்டர் மடத்தில் இறந்தார். பணம் நின்றது, கோபுரமும் நின்றது. மறு ஆண்டு கொட்டகை போட்டார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. பகலில் கட்டியதைச் சாத்தான் இரவில் வந்து இடித்துப்போட்டானாம். இரண்டு கதைகளிலும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவர்மீது பழி போய்விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாத்தானை விட்டுவிடலாம், உல்சியின் பங்கை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதே 1525இல்தான் உல்சி, தாம் நிறுவவிருந்த கல்லூரிகளின் செலவுக்காகச் சிறுசிறு துறவு மடங்களை மூடி அவற்றின் நிலங்களை எடுத்துக்கொண்டார். அப்படிப் போன மடங்களில் ஈஸ்ட் பெர்கோல்டுக்குப் பக்கத்திலிருந்த டாட்னாஷ் மடமும் ஒன்று. அதே ஆண்டு, பிரான்சுடன் போர் நடத்த உல்சி விதிக்க முயன்ற 'அன்பளிப்பு' வரியை எதிர்த்து இதே மாவட்டத்தின் லாவன்ஹாமில் நெசவுத் தொழிலாளர்கள் திரண்டெழுந்தார்கள். அரசர் வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. ஆகவே, பக்கத்து மடத்தை விழுங்கியவர், அடுத்த ஊர்க்காரர்களை வரிகேட்டு வதைத்தவர் என்றுதான் அந்த வட்டாரம் அப்போது அவரைப் பார்த்திருக்கும். இந்த ஊர்க் கோபுரத்துக்கு அவர் கைகொடுக்க முன்வந்திருக்கலாம். மடம் போன வருத்தத்துக்கு ஈடாகக்கூட அது இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பெரிய மனிதரின் வாக்கை மட்டும் நம்பி ஒரு பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ச்சமூகம், கோபுரத்துக்குக் கடைக்கால் போட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஸ்டௌர் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் கம்பளித் துணி வியாபாரத்தால் செழித்த பகுதி. அங்குள்ள பெரிய தேவாலயங்களை எழுப்பியது துணி வியாபாரிகளின் பணம். சாகும் தறுவாயில் உயிலெழுதி, தம் ஆன்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லி, கோபுரத்துக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று விட்டுச்செல்வது வழக்கம். கோபுரங்கள் ஒரே மூச்சில் எழும்புவதில்லை. வேலைக்காலத்தில் சில அடி உயரும், சுண்ணாம்பு இறுகட்டும் என்று விடுவார்கள், பிறகு மீண்டும் சில அடி. தலைமுறைக்கணக்கில் இழுத்த கோபுரங்கள் உண்டு. 1530இல் வேலை நின்றது வழக்கத்துக்கு மாறான செய்தியே இல்லை. நின்ற வேலை மறுபடி தொடங்காமல் போனதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

காரணம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் கிடைக்கிறது. கொட்டகை போட்ட மறு ஆண்டான 1532இல், டெடாமிலிருந்தும் ஈஸ்ட் பெர்கோல்டிலிருந்தும் சில ஆட்கள் இரவோடிரவாக நடந்துபோய், அற்புதம் செய்வதாகப் பேர்பெற்றிருந்த டோவர்கோர்ட் சிலுவைச் சுரூபத்தைத் தூக்கிவந்து எரித்தார்கள். அதற்காக மூன்று பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஈஸ்ட் பெர்கோல்ட்காரர். 1534இல் அரசரே திருச்சபைக்குத் தலைவரானார். 1547இல் இறந்தவர்களுக்காகப் பூசை செய்யும் அறக்கட்டளைகள் சட்டம் போட்டு ஒழிக்கப்பட்டன. 1549இல் டெவன், கார்ன்வால் பகுதிகளில் நடந்த கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஒவ்வொரு கோபுரத்திலும் ஒரு மணியை விட்டுவிட்டு மற்றவற்றை இறக்கச் சொல்லி ஆணை பிறந்தது. 1552இல் நாடு முழுவதும் தேவாலயச் சொத்துகளை அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். மணிகளும் அந்தப் பட்டியலில் ஏறின. 1555இல், கத்தோலிக்கத்தை மீட்க முயன்ற மரி அரசியின் காலத்தில், ஈஸ்ட் பெர்கோல்டின் முன்னாள் குரு ராபர்ட் சாமுவேல் இப்ஸ்விச்சில் உயிரோடு எரிக்கப்பட்டார்.

ஆன்ம ஜெபத்துக்கென்று எழுதி வைத்த பணம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். இருக்கிற மணியை அரசர் எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. இந்த நிலையில் எந்த வியாபாரி கோபுரத்துக்கு உயிலெழுதுவார்? உல்சி விழுந்தது ஒரு பணவழியை அடைத்தது. கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து நாட்டைப் பிரித்த சமயச் சீர்திருத்தம் பணவழி முழுவதையும் வற்றவைத்துவிட்டது. அரைகுறைக் கோபுரம் அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. அதன் அடிப்பகுதியில் வடக்கு தெற்காக ஒரு வளைவு வழி உண்டு. கல்லறைத் தோட்டத்தின் எல்லையிலேயே கோபுரம் அமைந்ததால், திருப்பவனி தேவாலயத்தைச் சுற்றி வரும்போது மந்திரிக்கப்பட்ட நிலத்தைவிட்டு வெளியே போகாமலிருக்க அந்த வழி. கட்டி முடிப்பதற்குள் அந்தப் பவனி வழக்கமே ஒழிந்துபோனது.

சட்டகம் செய்யும் வேலை

கொட்டகையை வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தாழ்ந்த சுவரும் மரப்பின்னலும் பெரிய கூரையும் தெரியும். அவை எல்லாம் மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு. உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் கனத்த மரச்சட்டகம்.

மணிச்சட்டகத்தின் அடிப்படை அமைப்பு எளியது. கீழே அடிச்சட்டங்கள், மேலே மேல்சட்டங்கள், இரண்டையும் இணைக்கும் நிமிர்ந்த கால்கள், அவற்றுக்கு முட்டுக்கொடுக்கும் சாய்வுச் சட்டங்கள். ஒவ்வொரு மணிக்கும் இருபுறமும் இத்தகைய ஒரு மரச்சுவர் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மணி. மணியின் தலையில் ஒரு கனமான மரக்கட்டையைப் பட்டைக்கம்பிகளால் இறுக்கியிருப்பார்கள். கட்டையின் இரு முனைகளிலும் இரும்பு அச்சுகள். அவை மேல்சட்டத்தில் பதித்த வெண்கலக் குழிவுகளில் உட்கார்ந்து சுழலும். பிற்காலத்தில் பேரிங் வந்தது. மரம் பெரும்பாலும் ஓக். இணைப்புகளில் ஒரு சட்டத்தின் கழுந்தை மற்றதன் துளையில் செருகி, குறுக்கே மர முளை அடித்து இறுக்குவார்கள். பச்சை மரமாகவே இழைத்துப் பொருத்துவதால், மரம் உலரும்போது இணைப்புகள் முளையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து இன்னும் சுருங்கித் தளரும். அங்கேதான் தொல்லை தொடங்கும்.

தொங்கிக்கொண்டிருக்கும் மணி சட்டகத்துக்குப் பாரமே இல்லை. ஆடும் மணிதான் பாரம். முழு வட்டமாகச் சுழலும் மணி, வாய் மேல்நோக்கி நிற்கும் உச்சிநிலையிலிருந்து விழுந்து கீழ்ப்புள்ளியைக் கடக்கும்போது, தன் எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விசையைக் கீழ்நோக்கிச் செலுத்தும். பக்கவாட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு டன் மணி என்றால் நான்கு டன் கீழே, இரண்டு டன் இந்தப் பக்கம், அடுத்த வீச்சில் இரண்டு டன் அந்தப் பக்கம். ஈஸ்ட் பெர்கோல்டின் பெரிய மணியின் எடை ஒரு டன்னைத் தாண்டும். கீழ்நோக்கிய விசையைச் சுவர் தாங்கிக்கொள்ளும். கல்லும் சுண்ணாம்பும் அமுக்கத்துக்கு அஞ்சுவதில்லை. கோபுரத்தைக் கொல்வது பக்கவாட்டு விசை. மணிகள் ஆடும் கதியும் கோபுரத்தின் இயல்பான அசைவும் நெருங்கி வந்துவிட்டால் கோபுரமே கண்ணுக்குத் தெரிய ஆடும். சட்டகத்தின் இணைப்பு தளர்ந்து அது சுவரோடு மோதத் தொடங்கினால் காரை உதிரும், கல் பிளக்கும். கிராமத்துத் தேவாலயங்களில் கோபுர வெடிப்புக்குக் காரணம் தேடிப் போன கட்டடப் பொறியாளர்கள் பல இடங்களில் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் தளர்ந்த மணிச்சட்டகம்தான்.

தரையில் நிற்கும் சட்டகத்துக்கு இந்தக் கவலை கிடையாது. பக்கவாட்டு விசை அடிச்சட்டம் வழியாக நேரே மண்ணுக்குள் போய்விடுகிறது. ஆடுவதற்கு உயரமான கட்டடம் இல்லை. இடிப்பதற்குச் சுவர் இல்லை. இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் சட்டகம் முனகும், அவ்வளவுதான். பகை வேறு திசையிலிருந்து வருகிறது: ஈரம். மண்ணை ஒட்டிய அடிச்சட்டத்தின் முனைதான் முதலில் இற்றுப்போகும். ஓக் மரத்தைத் துளைக்கும் வண்டும் ஈரம் கண்ட மரத்தையே தேடி வரும். கூரை அத்தனை செங்குத்தாக இருப்பதற்கும் சுவரின் மேல்பாதி பின்னலாகத் திறந்திருப்பதற்கும் ஒலி வெளியே போவது மட்டும் காரணமாக இருக்க முடியாது. மழை உடனே வழிந்துவிட வேண்டும், நனைந்த மரம் காற்றில் உலர வேண்டும். தற்காலிகம் என்று சொல்லிக்கொண்டு போட்ட கொட்டகையில் தச்சர்கள் இதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

கயிறு இல்லாமல் அடிப்பது

இங்கிலாந்தின் மற்றக் கோபுரங்களில் மணியடிப்பவர் மணியைப் பார்ப்பதே இல்லை. ஒன்றிரண்டு தளங்களுக்குக் கீழே ஓர் அறையில் நின்று கயிற்றை இழுப்பார். கயிறு மேலே போய் மணியின் பக்கத்தில் பொருத்திய பெரிய மரச்சக்கரத்தைச் சுற்றியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் முழுச்சக்கரம் பரவியபோது மணியை உச்சிவரை ஏற்றி, வாய் மேல்நோக்கிய நிலையில் ஒரு கணம் நிறுத்திவைக்க முடிந்தது. அந்த நிறுத்தம்தான் ஆங்கிலேயரின் வரிசைமாற்று மணியடிப்புக் கலைக்கு அடிப்படை. ஒருவர் தம் மணியைக் கொஞ்சம் பிடித்துவைத்தால் பக்கத்து மணி முந்திக்கொள்ளும். இப்படி ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாற்றி மாற்றி அடிக்கலாம். ஐந்து மணிகளை 120 வெவ்வேறு வரிசைகளில் அடிக்க முடியும். ஏழு மணிகளுக்கு 5,040. ஒரு வரிசையும் இரண்டாம் முறை வராமல் அடித்து முடிப்பதுதான் அந்தக் கலையின் சவால்.

ஈஸ்ட் பெர்கோல்டில் சக்கரமும் இல்லை, கயிறும் இல்லை. அடிப்பவர் மணிக்குப் பக்கத்தில் நின்று, மணியின் தலைக்கட்டையையே கையால் பற்றித் தள்ளுகிறார். முதல் தள்ளில் மணி அசைந்ததே தெரியாது. ஊஞ்சலை ஆட்டுவது போலத்தான்: போய்த் திரும்பும் கணம் பார்த்து ஒவ்வொரு முறையும் சிறிது சேர்த்தால், எந்த மனிதனாலும் தூக்க முடியாத கனம் மெல்ல மெல்ல உயர்ந்துவிடும். மணியின் வாய் மேல்நோக்கித் திரும்பும்வரை ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வீச்சிலும் கட்டை சுழன்று வரும்போது அதைக் கையால் வாங்கி, நிதானித்து, திருப்பிவிட வேண்டும். சுழலும் வெண்கலத்துக்கும் ஆளுக்கும் நடுவே தடுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கோபுரத்துச் சட்டகங்களில், மணி உச்சியைத் தாண்டிச் சுழன்றுவிடாமல் தடுக்க ஒரு மரத்தண்டும் அது போய் முட்டும் ஒரு நகரும் கட்டையும் இருக்கும். கயிற்றுக்காரர் கவனம் தவறினாலும் அந்தத் தண்டு காப்பாற்றும், அல்லது ஒடிந்துபோய் எச்சரிக்கும். கையால் அடிப்பவருக்குக் காப்பு அவருடைய கவனம்தான்.

இங்கிலாந்தில் ஒரு முழு மணித் தொகுதியை இந்த முறையில் அடிக்கும் இடம் வேறில்லை என்பது பொதுவான கருத்து. சில வருணனைகள் இதை ஏதோ ஒரு கிராமத்தின் விநோதப் பிடிவாதம் போலச் சொல்கின்றன. அப்படி இல்லை. சக்கரமும் கயிறும் இருப்பதே அடிப்பவருக்கும் மணிக்கும் நடுவில் உள்ள உயரத்தைக் கடப்பதற்கு. உயரமே இல்லாத இடத்தில் கைக்கு எட்டும் கட்டையை விட்டுவிட்டு எதற்குக் கயிறு? தரைமட்டச் சட்டகத்துக்கு இதுவே இயல்பான முறை. மற்ற இடங்களில் பார்க்கக் கிடைக்காததற்குக் காரணம், இவ்வளவு பெரிய மணிகள் தரைமட்டத்தில் நெடுங்காலம் தங்கியதில்லை என்பதுதான்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மணிகளும் ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி என்று மேலிருந்து இறங்குகின்றன. டி சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் ப, ம, க, ரி, ச. சங்கராபரணத்தின் கீழ்ப்பகுதி என்று நம் காதுக்குப் பிடிபடும். ஆனால் தேவாலய மணியின் ஒலி ஒற்றைச் சுரம் அல்ல. அடித்தவுடன் கேட்கும் சுரத்துக்கு அடியில் ஒரு ரீங்காரம், இடையில் சாதாரண காந்தாரத்தை ஒத்த ஒன்று, மேலே பஞ்சமம், அதற்கும் மேலே ஒன்று என்று பல ஒலிகள் அடுக்காக எழும். பழைய வார்ப்பாளர்கள் இந்த அடுக்கைச் செப்பமாக அமைக்க முயன்றதில்லை. சுதி சேராவிட்டால் விளிம்பில் உளியால் செதுக்கிச் சரிசெய்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான் அடுக்கின் ஐந்து ஒலிகளையும் தனித்தனியே கடைந்து சேர்க்கும் முறை வந்தது. வெண்கலம் அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றுதான்: முக்கால் பங்குக்குச் சற்று மேல் தாமிரம், மீதி வெள்ளீயம். வெள்ளீயம் இவ்வளவு சேர்வதால்தான் உலோகம் கணீரென்று ஒலிக்கிறது. அதனாலேயே அது எளிதில் நொறுங்கும் தன்மை பெற்று, தவறாக அடித்தால் விரிசலும் விடுகிறது.

பக்கத்து வீட்டின் புகார்

கொட்டகை இப்போது நிற்குமிடம் அதன் முதல் இடம் அல்ல. தேவாலயத்தின் கிழக்குப் பக்கம் இருந்ததை 17ஆம் நூற்றாண்டில் வடக்கே மாற்றினார்கள். பக்கத்திலிருந்த ஓல்டு ஹால் மாளிகையில் குடியிருந்தவருக்கு மணிச்சத்தம் பொறுக்கவில்லை.

பணக்காரரின் அடாவடி என்று இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் புகாரில் நியாயம் இல்லாமலில்லை. கோபுர உச்சியில் ஒலிக்கும் மணி ஊரின் தலைக்கு மேலே ஒலிக்கிறது. அருகில் இருப்பவருக்கும் சற்றுத் தொலைவில் இருப்பவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஒலியின் கடுமையைக் குறைக்கச் சாய்வுப் பலகைகளும் உண்டு. தரையில் அடிக்கும்போது நாலரை டன் வெண்கலத்தின் ஒலி அப்படியே காது மட்டத்தில் வந்து மோதும். பக்கத்தில் இருப்பவருக்கு மிகுதி. ஊரின் மறுகோடியில் வயலில் இருப்பவருக்கு வீடும் மரமும் தேவாலயமுமே மறைத்துவிடும். கோபுரம் இல்லாததன் விலையை முதலில் கொடுத்தது ஓல்டு ஹால்தான்.

இந்த மாற்றம் சட்டகத்தைப் பற்றி இன்னொன்றையும் காட்டுகிறது. கழுந்தும் முளையுமாகக் கோத்த மரவேலையைக் கழற்றலாம், தூக்கலாம், மறுபடி கோக்கலாம். தச்சர்கள் சட்டங்களைப் பட்டறையில் பொருத்திப் பார்க்கும்போதே எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று உளியால் கோடுகள் வெட்டி அடையாளம் வைப்பது வழக்கம். கல்கோபுரத்தை எதிர்த்துப் புகார் கொடுத்திருந்தால் யாரும் காதில் போட்டிருக்க மாட்டார்கள். கொட்டகை என்பதால் நகர்த்திவிட்டார்கள்.

ஓல்டு ஹாலின் பிற்கால வரலாறு தனிக்கதை. 1857இல் பெனடிக்டைன் கன்னியர் அதை மடமாக்கினார்கள். பிறகு ராணுவம் தங்கியது. அதன்பின் பிரான்சிஸ்கன் துறவியர் வந்தார்கள். 1974 முதல் பல குடும்பங்கள் கூட்டாக வாழும் சமூகமாக இயங்கிவருகிறது. மணிகள் மட்டும் நகர்த்திய இடத்திலேயே இருக்கின்றன.

எது தவறிப்போனது

1650க்கும் 1950க்கும் இடையில் இங்கிலாந்தின் கிராமத்துச் சட்டகங்களை மூன்று மாற்றங்கள் புரட்டிப்போட்டன. முதலாவது, முன்பு சொன்ன முழுச்சக்கரம். அரைவட்டம் ஆடிக்கொண்டிருந்த மணிகள் முழுவட்டம் சுழலத் தொடங்கியதும் பழைய சட்டகங்கள் தாங்கவில்லை; வலுவாகப் புதிதாகச் செய்தார்கள். இரண்டாவது, எண்ணிக்கை. மூன்று மணி வைத்திருந்த ஊர் ஐந்தாக்கியது, ஐந்து வைத்திருந்தது ஆறோ எட்டோ ஆக்கியது. இடம் போதாமல் சட்டகத்தை அறுத்து விரித்தார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பழைய மணிகளை உருக்கிச் சிறிதாகப் பலவாக வார்த்துக்கொண்ட ஊர்களும் உண்டு. மூன்றாவது, இரும்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து வார்ப்பாளர்கள் மரச்சட்டகத்தை அகற்றிவிட்டு வார்ப்பிரும்பும் எஃகும் கொண்ட சட்டகத்தைப் பேரிங்கோடு பொருத்திக் கொடுத்தார்கள். அடிப்பவர்களுக்கு அது பெரிய வரம். மணி விரல்நுனிக்குக் கட்டுப்பட்டது. பழைய ஓக் சட்டங்கள் பெரும்பாலும் விறகாகின.

ஈஸ்ட் பெர்கோல்டை இந்த மூன்றும் தொடவில்லை. சக்கரம் தேவைப்படவில்லை. ஐந்து மணி ஐந்தாகவே நின்றது. சுவரைக் காப்பாற்ற எஃகு போடுங்கள் என்று சொல்லச் சுவர் இல்லை. பழமையைப் போற்றி யாரும் இதைக் காத்துவைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றத்துக்கான தேவையே எழவில்லை, அவ்வளவுதான். பிற்காலத்தில் ஊருக்குப் புகழ் சேர்ந்தபோது கொட்டகையும் அதில் பங்கு பெற்றது. ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776இல் பிறந்தது இந்த ஊரில். பெற்றோரின் கல்லறையும் இதே கல்லறைத் தோட்டத்தில்தான். தேவாலயத்தின் நுழைவு மண்டபத்தை அவர் தீட்டிய ஓவியம் லண்டன் டேட் தொகுப்பில் இருக்கிறது. கான்ஸ்டபிளைத் தேடி வருபவர்கள் கொட்டகையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது 1940 ஜூனில் நாடு முழுவதும் தேவாலய மணிகளுக்குத் தடை வந்தது. எதிரிப்படை இறங்கினால் மட்டுமே அடிக்க வேண்டும் என்பது ஆணை. எல் அலமைன் வெற்றிக்காக 1942 நவம்பர் 15 அன்று ஒருநாள் மட்டும் தடை விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முழுவதுமாக நீங்கியது.

அக்கம்பக்கத்துச் சான்றுகள்

தரையில் மணி வைத்த ஊர் இது ஒன்றே அல்ல. ஸ்டௌர் ஆற்றின் அக்கரையில், எசெக்ஸில், ராப்னெஸ் தேவாலயத்தின் மணிக்கோபுரம் 17ஆம் நூற்றாண்டில் விழுந்துவிட, ஒற்றை மணியைக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிறு மரக்கூட்டில் வைத்தார்கள். அதுவும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஹாம்ப்ஷயரில் குவார்லி தேவாலயத்தின் மணிகளும் வெளியே தரைமட்டத்தில்தான் தொங்குகின்றன. இவற்றைவிடப் பெரிய அமைப்புகள் வேறு வகை. ஹெரஃபோர்டுஷயரின் பெம்பிரிட்ஜிலும் கென்ட்டின் புரூக்லாந்திலும் தேவாலயத்தைவிட்டுத் தள்ளித் தனியே நிற்கும் மரக் கோபுரங்கள் உள்ளன. பெம்பிரிட்ஜில் நான்கு மாபெரும் மரக்கால்கள் தரையிலிருந்து எழுந்து மணியையும் கூரையையும் ஒருசேரத் தாங்குகின்றன. அங்கே சட்டகமே கோபுரம்.

இவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஈஸ்ட் பெர்கோல்டின் தனித்தன்மை கொட்டகையில் இல்லை என்பது விளங்கும். சிறிய ஒற்றை மணிக்குக் கூடு போடுவது எங்கும் நடந்தது. பெரிய மணிகளுக்கு மரக்கோபுரம் கட்டியதும் நடந்தது. கோபுரத்துக்கென்று திட்டமிட்ட அளவில் பெரிய மணிகளை, கூடு அளவிலான தரைமட்டச் சட்டகத்தில் வைத்து, அடிக்கவும் அடித்ததுதான் இங்கே மட்டும் நிலைத்தது. கோபுரம் வரும் என்ற நம்பிக்கை இல்லாமல் ஒரு கிராமம் இந்த அளவு மணிகளைத் தரையில் வைத்துக்கொள்ள முனைந்திருக்காது. நம்பிக்கை போன பிறகும் மணிகளை விற்காமல் வைத்துக்கொண்டது ஊரின் தனிப்பட்ட முடிவு. அதைப் பற்றி உல்சி கதையும் பேசுவதில்லை, சாத்தான் கதையும் பேசுவதில்லை.

இனிமேல்

கொட்டகை சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம். அதோடு இங்கிலாந்துத் திருச்சபைக்குள் தனி நடைமுறை உண்டு. மணியிலோ சட்டகத்திலோ கைவைப்பதற்கு முன் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்; ஆலோசனைக் குழுவில் மணிகளுக்கென்றே ஒருவர் இருப்பார். பழைய சட்டகம் என்றால், புதிதாக மாற்றலாமா என்று கேட்பதற்கு முன் பழுதுபார்க்கவே முடியாதா என்று கேட்பது இன்றைய வழக்கம். இற்றுப்போன முனையை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தைக் கோத்து ஒட்டுப்போடுவார்கள். இரும்புப் பட்டை தேவைப்பட்டால், பின்னால் கழற்றத்தக்க விதத்தில் பொருத்துவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த அக்கறை இருந்திருந்தால் எத்தனையோ கோபுரங்களில் ஓக் சட்டகங்கள் மிஞ்சியிருக்கும்.

நாளைக்கே ஒரு செல்வந்தர் வந்து, 1530இல் விட்ட இடத்திலிருந்து கோபுரத்தைக் கட்டித் தருகிறேன் என்று சொன்னால் என்ன ஆகும்? மணிகள் மேலே போகும். அங்கே சக்கரமும் கயிறும் வேண்டும். நான்கு மடங்கு விசையைத் தாங்க எஃகுச் சட்டகம் வேண்டும். சக்கரத்துக்கு ஏற்றபடி தலைக்கட்டைகளையும் மாற்ற வேண்டியிருக்கும். கையால் அடிப்பவர்கள் கயிறு பழக வேண்டும். கொட்டகை காலியாகி, ஒரு பலகை மாட்டிய காட்சிப்பொருளாகும். ஊருக்குக் கிடைப்பது இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் உள்ளவற்றைப் போன்ற இன்னொரு கோபுர மணித் தொகுதி. அந்தப் பங்கின் ஆட்சிக்குழுவில் எனக்கு ஓர் இடம் இருந்தால், பணத்தைக் கூரை ஓடு மாற்றவும் அடிச்சட்டத்துக்கு ஒட்டுப்போடவும் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.